யார் எடுத்த படம் இது?

யாராவது பழைய அல்பத்தைத் திறந்து காட்டினால், நான் முதலில் கேட்பது "இதை யார் எடுத்தது?" என்றுதான். பெரும்பாலானோர் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. இது மாமா, இது மாமி, கலியாணம் முடித்த புதிதில், நுவரெலியாவில் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு ஒரு கதை வரும். மாமாவும் மாமியும் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிப் பழகிய கதையாக அது இருக்காது.

இரண்டு பேர் நிற்கிற எந்தப் படத்திலும் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் கமராவுக்குப் பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான். ஸ்டூடியோப் படம் என்றால் அந்த ஆள் காசுக்கு வேலை செய்தவர், அவரிடம் பெரிதாகக் கதை இருக்காது. வீட்டுக் கமராவில் எடுத்த படம் அப்படியில்லை. எடுத்தது தம்பியாக இருக்கலாம், கூட வேலை செய்தவராக இருக்கலாம், பாதையில் போன யாரோவாகவும் இருக்கலாம். படத்தைக் கவனித்துப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். இருவரின் மூக்குத் துவாரங்களும் பெரிதாகத் தெரிந்து, தலைக்கு மேல் வானம் நிறைய இருந்தால் எடுத்தது ஒரு சின்னப்பிள்ளை. இருவரும் கமராவைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்தால், அங்கே நின்று பகிடி விட்ட நாலாவது ஆள் ஒருவரும் இருந்திருக்கிறார். இருவரும் சவக்களையோடு விறைத்து நின்றால் எடுத்தது பெரும்பாலும் பெண்ணின் தகப்பன்.

இந்த மாதிரித் தற்செயல் கமராவோடு கூடவே பிறந்தது. 1838 இல் பாரிஸில், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெருந்தெருவைப் படம் பிடித்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் எடுத்ததால் தெருவில் ஓடிய குதிரை வண்டிகளும் நடந்த மனிதர்களும் பதியவே இல்லை. ஒரு மூலையில் சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதற்காக ஒருவர் காலை நீட்டி அசையாமல் நின்றிருக்கிறார். அவரும், அவருக்கு முன்னால் மங்கலாகத் தெரிகிற சப்பாத்துத் துடைப்பவரும் மட்டும் தங்கிவிட்டார்கள். மனிதர்கள் தெரிகிற மிகப் பழைய படமாக இதைத்தான் பரவலாகச் சொல்கிறார்கள். சோடியாக நிற்கிறோம் என்று அந்த இருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். மேலே ஒருவர் படம் எடுக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம்.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் அல்பங்களில் காலிமுகத்திடல் கட்டாயம் இருக்கும். தெகிவளை மிருகக்காட்சிசாலையும் இருக்கும், யானைகளின் ஆட்டத்தோடு. ஆனால் காலிமுகத்திடல் இல்லாத அல்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. போர்க்காலத்தில் எடுத்த அந்தப் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பின்னணி எப்போதும் கடல். நகரம் தெரிகிற படங்கள் மிகக் குறைவு. காரணம் கலை ரசனை இல்லை. திடலின் வடக்குப் பக்கம் ஜனாதிபதி செயலகமாக மாறிய பழைய பாராளுமன்றம். கிழக்கே, இப்போது ஷங்ரி-லா ஹோட்டல் நிற்கிற பக்கத்தில், இராணுவத் தலைமையகம். கையில் கமரா, அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி, அந்தப் பக்கமாக லென்ஸைத் திருப்ப யாருக்குத் துணிவு வரும்? கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கோ என்றுதான் எல்லா அப்பாமாரும் சொன்னார்கள்.

அங்கேதான் இன்னொரு சிக்கல். திடலுக்குப் போவது பின்னேரத்தில். சூரியன் இறங்குவது அதே கடலில். வெளிச்சம் முழுக்க முதுகுக்குப் பின்னால் இருந்து வந்து லென்ஸில் விழும். பிளாஷ் இல்லாத கமரா என்றால் முகம் கறுத்துத்தான் விழும். எத்தனையோ புதுத் தம்பதிகள், கனடாவுக்கும் லண்டனுக்கும் புறப்படுவதற்கு முந்திய எத்தனையோ சகோதரர்கள், இரண்டு கறுத்த உருவங்களாக அல்பங்களில் நிற்கிறார்கள். "முகம் சரியா விழேல்ல" என்று எல்லாரும் குறைப்படுவார்கள். நாட்டு நிலைமை அந்தப் படங்களில் விழுந்த அளவுக்கு வேறெதிலும் விழவில்லை என்பது என் எண்ணம்.

கடலைத் தவிர வேறேதும் பின்னால் இருந்தால் காலம் கணிக்கலாம். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் முழுதாகத் தெரிந்தால் படம் 1997 க்கு முந்தியதாக இருக்க முடியாது. கடலுக்குள் மண் மேடு தெரிந்தால் 2014 க்குப் பிறகு, துறைமுக நகர வேலை தொடங்கிய காலம். படத்தின் மூலையில் கமரா அடித்த மஞ்சள் எழுத்துத் திகதியை மட்டும் நம்பவேண்டாம். பட்டரி மாற்றிய பிறகு திகதியைச் சரிசெய்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருந்ததில்லை. எத்தனையோ பிறந்தநாட்கள் ஜனவரி 1 ஆம் திகதி நடந்ததாக அல்பங்கள் சொல்கின்றன.

திடலில் மூன்றாவது ஆளைத் தேடுவது ஒரு தனிக் கலை. குடும்பமாக வந்திருக்கிறோம், எல்லாரும் படத்தில் நிற்கவேண்டும், அப்படியானால் யாரிடம் கமராவைக் கொடுப்பது? கமராவோடு ஓடிவிடக்கூடாது. அவசரத்தில் போகிறவராக இருக்கக்கூடாது. எந்த மொழியில் கேட்பது என்பது வேறு. என் அப்பா நாலு பேரைப் போகவிட்டு ஐந்தாவது ஆளைப் பிடிப்பார். "மல்லி, போட்டோ எகக் கன்ன புளுவந்த?" (தம்பி, ஒரு படம் எடுக்க முடியுமா?) என்று, அலுவலகத்தில் பேசுவதைவிட இரண்டு மடங்கு பணிவான சிங்களத்தில் கேட்பார். கேட்கப்பட்டவர்கள் மறுத்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்த இறால் வடையைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் அல்பத்தில் குடும்பம் முழுதாக இருக்கிற படங்கள் எல்லாமே அப்படி வந்தவர்கள் எடுத்தவை. அவர்களில் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

அதே திடலில் படம் எடுக்கச் சொல்லாத சோடிகளும் உண்டு. கடற்சுவரோரம் வெயிலில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள். விகாரமகாதேவி பூங்காவிலும் மரத்துக்கு ஒரு குடை இருக்கும். கொழும்பில் காதலிக்கிறவர்களுக்கு அறை கிடையாது, குடைதான் உண்டு. திடலை அமைத்த ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் வேலை முடிந்தபோது ஒரு நினைவுக்கல் வைத்தார். கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இந்த இடத்தைப் பேணும்படி தனக்குப் பின்னால் வருபவர்களிடம் அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். காதலர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர்கள் வந்துவிட்டார்கள், எங்கள் குடும்பப் படங்களின் பின்னாலும் வந்துவிட்டார்கள். பழைய படங்களை முகநூலில் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பின்னால் குடைக்குள் முகம் தெரிந்தால் அதை மங்கலாக்கிவிட்டுப் போடுங்கள். அன்று குடைக்குள் இருந்தவர் இன்று யாரோ ஒருவரின் மாமியாராக இருக்கலாம்.

பின்னணியில் தெரிகிற அந்நியர் பிறகு வாழ்க்கைக்குள் வருவதும் நடக்காமல் இல்லை. 2018 இல் சீனாவிலிருந்து ஒரு செய்தி உலகம் சுற்றியது. ஒரு கணவன் மாமியார் வீட்டில் மனைவியின் பழைய படங்களைப் பார்க்கிறார். 2000 ஆம் ஆண்டில் சிங்தாவ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் அவள் நின்று எடுத்த படத்தில், பின்னால் நிற்கிற பையன் அவரேதான். இருவரும் சந்தித்தது அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, செங்டுவில். இந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை. நல்ல கதைதான், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நாங்கள் எல்லாரும் எத்தனையோ பேருடைய அல்பங்களின் மூலையில் நிற்கிறோம், ஒரு பயனும் இல்லாமல். கலியாணத்தில் முடிகிற ஒரு படத்துக்காக மற்றப் படங்களை மதிக்காமல் விடுவது சரியில்லை.

மூலையில் நின்ற ஒருவரால்தான் என் அம்மா அப்பாவின் படம் ஒன்று இன்றைக்கு எங்களிடம் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் எடுத்த கலர்ப் படம். வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசல். எடுத்தவர் அப்பாவோடு வேலை செய்த நண்பர், புதுக் கமரா வாங்கி எல்லாரையும் பிடித்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். படம் சரிந்து விழுந்திருக்கிறது, வீடே கடலுக்குள் சறுக்கிப் போகிற மாதிரி. வலது ஓரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி உடுப்புத் தோய்க்கிற பேசினோடு உள்ளே வந்துவிட்டா. பாதி உடம்பு, ஒரு கை, பேசின். அம்மாவுக்குப் படம் பிடிக்கவே இல்லை. "நல்லாப் பழுதாக்கிப்போட்டார்" என்று நண்பரைத் திட்டியிருக்கிறா. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. ஒருவர் படத்தில் இருந்தால் அவருக்கு ஒரு பிரதி கொடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பாதி உடம்புக்கும் முழுப் பிரதி. இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

1983 ஜூலையில் வீடு எரிந்தது. அல்பமும் எரிந்தது. எல்லாரும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். இந்தக் கதையை எங்கள் வீட்டில் விரிவாகச் சொல்வதில்லை, நானும் விரிக்கப்போவதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு திரும்பிக் கொழும்புக்கு வந்தபோது அம்மா அந்த ஒழுங்கைக்குப் போனா. அன்ரி இருந்தா. தேநீர் குடித்து முடிந்ததும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகர டின்னை எடுத்து வந்திருக்கிறா. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அந்தப் படம்.

இப்போது அந்தப் படம் சிவந்துபோய்க் கிடக்கிறது. அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளில் நீலப் பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும், இருட்டுக்குள் வைத்திருந்தாலும் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. என் மகன் ஸ்கேன் செய்து நிறத்தைத் திருத்தித் தந்தான். கூடவே அன்ரியையும் ஓரத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தான், "அம்மம்மாவுக்கு அதுதானே பிடிக்கேல்ல" என்றான். அம்மா அதைப் பார்த்துவிட்டு அவனைத் திருப்பி அனுப்பினா. "அவவை வெட்டினால் பிறகு படம் ஏது?"

பிலிம் காலத்தில் தற்செயலுக்கு வழிவிட்ட இன்னொரு விஷயம், றோல் முடிக்கிற பிரச்சினை. முப்பத்தாறு படம். முடியாமல் கழுவக் கொடுத்தால் காசு நட்டம். பிறந்தநாள் முடிந்தும் நாலு படம் மிஞ்சியிருக்கும். படத்தைப் பார்க்க ஆசை, பொறுமை இல்லை. அப்போது யாரைக் கண்டாலும் நிறுத்தி ஒரு கிளிக். பால்காரர், மேல்மாடி வீட்டுக் கிழவர், கேட்டுக்குப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு நின்ற காவலாளியும் தபால்காரரும். கேக் வெட்டுகிற படங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். றோலின் கடைசி நாலு படங்களில்தான் அந்த வீட்டு வாழ்க்கை இருக்கும். அல்பத்தில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை, ஸ்டூடியோக் கடைக்காரர் தந்த உறைக்குள்ளேயே கிடக்கும்.

அந்த உறைக்குள் நெகட்டிவும் இருக்கும். தயவுசெய்து அதை எறியாதீர்கள். நெகட்டிவ் துண்டின் விளிம்பில் 11, 11ஏ, 12, 12ஏ என்று எண்கள் ஓடும். ஒரு படத்தின் கதை தெரியவேண்டுமானால் அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பன்னிரண்டில் இருவரும் கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள், பதின்மூன்றில் ஒருவர் இல்லை, பதினாலில் ரயில். பிரிண்ட் ஒரு நொடியைச் சொல்லும், நெகட்டிவ் அந்தப் பின்னேரத்தையே சொல்லிவிடும். கொழும்பின் பெயர் பெற்ற படக்கலைஞர் லயனல் வென்ட் 1944 இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் பெயரில் கில்ஃபோர்ட் கிறசென்ட்டில் அரங்கு இருக்கிறது, கண்காட்சிக் கூடம் இருக்கிறது, பிரிண்டுகள் இருக்கின்றன. அந்தப் படங்களுக்கு முன்னும் பின்னும் எடுத்தவை இல்லை. அவருக்கே அந்தக் கதி என்றால் எங்கள் வீட்டு உறைகளைப் பற்றி என்ன சொல்ல.

பிறகு டிஜிட்டல் வந்தது, அதோடு எங்கள் சமூகத்துக்கே உரிய ஒரு வகைச் சோடிப் படமும் பெருகியது. விசா ஃபைலுக்கான படம். மாப்பிள்ளை கனடாவிலோ சுவிஸிலோ இருந்து விடுமுறையில் வந்து கலியாணம் முடித்துவிட்டுப் போவார். ஸ்பொன்சர் செய்யும்போது, இது உண்மையான உறவு என்று காட்டப் படங்கள் வைக்கவேண்டும். என் மச்சாளின் ஃபைலுக்குப் படம் எடுத்தது நான். ஒரே நாளில், ஒரு முச்சக்கர வண்டியில், பை நிறைய மாற்று உடுப்போடு. காலையில் பம்பலப்பிட்டிக் கோயில், பிறகு மெஜஸ்டிக் சிட்டி, மத்தியானம் மிருகக்காட்சிசாலை, பின்னேரம் காலிமுகத்திடல். பாவம், தொலைபேசியில் கதைத்ததைத் தவிர இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. "கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ அத்தான்" என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு அங்குலம் நகருவார், அவள் அரை அங்குலம் விலகுவாள். யானைக்கு முன்னால் எடுத்த படத்தில் யானைதான் இயல்பாக நிற்கிறது.

திடலில் வண்டிக்காரர் என் கையிலிருந்து கமராவை வாங்கிக்கொண்டார். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லைப் போலிருக்கிறது. "நீங்களும் போய் நில்லுங்க" என்றார். நான் போய்ச் சேருவதற்குள் அமத்திவிட்டார். அந்த நேரம் காற்றில் மச்சாளின் சேலைத் தலைப்பு மேலெழும்பி அத்தானின் முகத்தை முழுதாக மூடிவிட்டது. அவர் கண் தெரியாமல் கையை வீச, அவள் குலுங்கிச் சிரிக்கிறாள், ஓரத்தில் என் முழங்கை. அன்று எடுத்ததில் கணவன் மனைவி என்று நம்பக்கூடிய ஒரே படம் அதுதான். மாப்பிள்ளையின் முகம்தான் இல்லை. ஆனாலும் மச்சாள் அடம்பிடித்து அதையும் ஃபைலில் வைத்தாள், என் முழங்கையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு. விசா கிடைத்தது. எந்தப் படத்துக்காகக் கிடைத்தது என்று அவர்கள் வீட்டில் இப்போதும் வாக்குவாதம் நடக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை. கையை நீட்டினால் படம். பின்னால் யாராவது வந்துவிட்டாலும் கவலையில்லை, கூகுள் 2021 இல் பிக்சல் ஃபோனோடு மேஜிக் இரேசர் கொண்டுவந்த பிறகு விரலால் தேய்த்து ஆளை அழிப்பது சாதாரணமாகிவிட்டது. கடலை விற்கிறவர், பட்டம் விடுகிற பையன், குடைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். செல்ஃபியை நான் குறை சொல்லமாட்டேன், அதில் முகமாவது வெளிச்சமாக விழுகிறது. ஆளை அழிப்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அன்ரியின் பேசினை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் சித்தி போன மாதம் லண்டனிலிருந்து அனுப்பிய ஒரு படம். தொண்ணூறுகளில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் மொட்டைமாடி. பின்னால் கொடியில் உடுப்பு, தண்ணீர்த் தாங்கி. சித்தியும் இன்னொரு பெண்ணும் நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொல்லும் நாளுக்காக மாதக்கணக்கில் அந்த லொட்ஜ்களில் காத்திருந்தவர்கள் பலர். படத்தில் ஒன்று உறுத்தியது. மற்றப் பெண் நேராக நிற்கிறாள், கழுத்தில் கனத்த சங்கிலி. சித்தி சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, குளிரில் நிற்பவள் போல நிற்கிறா. கொழும்பில் ஏது குளிர்?

வட்ஸ்அப்பில் கூப்பிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"லொட்ஜ் குசினியில வேலை செய்த பொடியன் எடுத்தவன்" என்றா. "யாரோ போட்டோ றோலில ரெண்டு மிச்சம் இருக்கெண்டு குடுத்தவை. அவளின்ர மனுசன் நோர்வேயில. இவளின்ர நகை எல்லாம் ஏஜென்சிக்குக் கட்ட அடகுக்குப் போட்டுது. மனுசனுக்கு அது தெரியாது. படம் அனுப்பச் சொல்லிக் கடிதம் மேல கடிதம். வெறுங் கழுத்தோட எப்பிடி அனுப்புறது? அதுதான் என்ர சங்கிலியைக் கழட்டிப் போட்டுவிட்டனான்."

"அப்ப நீங்கள் ஏன் பக்கத்தில நிண்டீங்கள்?"

"புதுச் சங்கிலியெல்லோ. கண்ணுக்கு மறையக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். மறந்துவிட்டதாம். ஊர் கிளிநொச்சிப் பக்கம், நித்திரையில் கதைப்பாள், அவ்வளவுதான் ஞாபகம். முகநூலில் படத்தைப் போட்டுத் தேடிப்பார்க்கட்டுமா, நோர்வேயில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்றேன்.

"உனக்கு வேற வேலை இல்லையே? அந்த மனுசன் பார்த்தால் என்ன நினைக்கும்? இன்னும் தெரியாமல் இருந்தாலும் இருக்கும். சங்கிலி அண்டைக்குப் பின்னேரமே என்ர கழுத்துக்கு வந்திட்டுது. அதோட விடு."

குசினிப் பொடியனைப் பற்றியாவது ஏதும் தெரியுமா என்று கேட்டேன். அவனுடைய பருப்புக்கறியில் எப்போதும் உப்புக் கூட என்றா சித்தி.